மிதந்த சொட்டு

முதல் இருபது பிரம்படி விழுந்தபோது நான் அவரிடமிருந்து நான்கடி தள்ளி நின்றிருந்தேன். அதுதான் என் இடம். சிறை விதிப்புத்தகம் அப்படிச் சொல்கிறது: இரத்தம் பார்ப்பவர் கைதியின் இடப்பக்கம், நான்கடி தள்ளி. ஒன்பதாவது அடியில் தோல் பிளந்தது. பத்தாவது அடியில் என் கண்ணாடியில் ஏதோ தெறித்தது. துடைக்கவில்லை. குழாயும் ஊசியும் வைத்த தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பேராலயத்துக்கு முன்னால் உள்ள மைதானத்தில்தான் இது நடக்கும். மர மேடை, அதன் நடுவில் சாய்வான பலகை. கைதியை அதில் குப்புறக் கட்டுவார்கள். முதலில் ஃபாதர் வந்து, "திருச்சபை இவனை மன்னிக்கிறது" என்பார். கடைசியில் சூப்பிரண்டு வந்து, "அரசு இவனைத் தண்டிக்கிறது" என்பார். இரண்டுக்கும் நடுவில் நான்.

என் வேலை சின்னது. சோதனைக்குழாயில் மயில்துத்தக் கரைசல் இருக்கும். நல்ல நீலம். கைதியின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை அதில் விடுவேன். இரத்தம் கெட்டியாக இருந்தால் சொட்டு மூழ்கும். சோகை பிடித்த இரத்தம் என்றால் மிதக்கும். பதினைந்து வினாடி பார்த்துவிட்டு, மூழ்கியது அல்லது மிதந்தது என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். மூழ்கினால் அடி. மிதந்தால் அன்றைக்கு அடி கிடையாது. ஆளைத் திரும்பச் சிறைக்குக் கொண்டுபோய் உடம்பைத் தேற்ற வேண்டும். லேபில் இதைவிடத் துல்லியமான கருவி இருக்கிறது. ஆனால் அது காட்டுவது ஒரு எண். எண்ணைப் பார்த்து யாருக்கும் மனம் இளகாது. அரசுக்கும் இரக்கம் உண்டு என்பதை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள்.

எனக்குக் குரல் எழும்பாது. "சத்தமா சொல்லும்மா, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலயாம்" என்று சூப்பிரண்டு ஒவ்வொரு முறையும் சொல்வார். வார்டர்கள் எனக்கு 'சொட்டு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அடிபட்டவர் சுவர் ஓவியர். பேராலயத்தின் வெளிச்சுவரில், சீடர்களின் பாதங்களைக் கழுவும் காட்சியை வரையச் சொல்லித் திருச்சபைதான் அவரைக் கூப்பிட்டது. சாரம் கட்டி, துணி மறைப்புக்குப் பின்னால் ஐந்து வாரம் வரைந்தார். அதிபரும் ஆயரும் சேர்ந்து துணியை இழுத்தார்கள். சுவரில் மண்டியிட்டிருந்தவர் ஆயர். அவர் கழுவிக்கொண்டிருந்தது பாதங்களை அல்ல. பன்னிரண்டு ஜோடி போலீஸ் பூட்ஸ். பாத்திரத்துத் தண்ணீர் சிவப்பு.  கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது. அதிபரின் முதுகுக்குப் பின்னால் மைதானம் முழுக்கச் சிரித்தது.

தீர்ப்பில் படத்தைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது, சிரிப்பைப் பற்றி மூன்று பக்கம். நாற்பது அடி, இருபது இருபதாக. நாற்பதும் முடிந்த அன்றே விடுதலை.

சுவருக்கு மூன்று முறை வெள்ளையடித்தார்கள். ஆயர் மறைந்தார், பூட்ஸ் மறைந்தது. அந்தச் சிவப்பு மட்டும் சுண்ணாம்பைத் தாண்டி வெளியே வந்துகொண்டே இருந்தது. சில சிவப்புச் சாயங்கள் அப்படி. மேலே எதைப் பூசினாலும் அதில் ஏறிவிடும். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் தவணையில் அவர் சொட்டு கல் போல மூழ்கியது. இருபதையும் வாங்கினார். பன்னிரண்டு வரை கத்தினார், அதற்குப் பிறகு வெறும் மூச்சுதான் கேட்டது. அடிப்பவரை எல்லோரும் பெரியப்பா என்பார்கள். முடிந்ததும் பிரம்பைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தோள்பட்ட புடிச்சுக்கிச்சும்மா. தைலம் ஏதாவது இருக்கா?"

கொடுத்தேன்.

"அடுத்த தடவ மிதக்கட்டும்னு வேண்டிக்க. ரெண்டு பேருக்கும் ரெஸ்ட்" என்று சிரித்தார்.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது தவணை. நான் விட்ட சொட்டு சற்று இறங்கி, தயங்கி, மேலே ஏறி வந்து நின்றது. பதினைந்து எண்ணினேன். "மிதந்தது" என்றேன். முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர்கள் பின்னால் திரும்பிச் சொன்னார்கள். விசில் பறந்தது. யாரோ தொப்பியைத் தூக்கி வீசினார்கள். பலகையில் கட்டிக்கிடந்தவர் தலையைத் திருப்பிச் சுவரில் கசிந்திருந்த சிவப்பைப் பார்த்துச் சிரித்தார். அதைச் சூப்பிரண்டு பார்த்தார். ஃபாதரும் பார்த்தார்.

மறுநாள் காலை லேபில் கரைசலை மாற்றும் முன் பழக்கத்தில் என் சொட்டு ஒன்றை விட்டுப் பார்த்தேன். அதுவும் மிதந்தது. என் ஹீமோகுளோபின் அளவு எனக்குத் தெரியும், பதின்மூன்று. மிதக்கவே கூடாது.

திரும்பிப் பாட்டிலைப் பார்த்தேன். அதன் கண்ணாடி மூடி போன வாரம் உடைந்துபோனது. புதிது கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அதுவரைக்கும் பஞ்சை வைத்து அடைத்திருந்தேன். ஜன்னலோரம், கோடை வெயில். பஞ்சு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தண்ணீர் போய்க் கரைசல் கெட்டிப்பட்டிருந்தது. அதில் யாருடைய இரத்தத்தை விட்டாலும் மிதந்திருக்கும். முதலாம் ஆண்டு மாணவி செய்தால் லேபை விட்டு வெளியே நிற்க வைப்பார்கள்.

கரைசலைக் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. கை தவறி ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு நாள் அந்த நினைப்பிலேயே இருந்தேன்.

ஐந்தாம் நாள் சூப்பிரண்டு கூப்பிட்டார். "மேலிடத்துல கேக்கறாங்க. ஃபாதர் வேற ஃபோன் மேல ஃபோன். ஈரல் குடுக்கச் சொல்லிருக்கேன், முட்டை குடுக்கச் சொல்லிருக்கேன். மூணு வாரத்துல அவன் ரத்தம் மூழ்கணும். வாரா வாரம் போய்ப் பாரு." பிறகு, நான் கதவருகே போனதும், "அவன் சிரிச்சான், பாத்தல்ல?" என்றார்.

அறை எண் பதினொன்று. மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரம். உள்ளிருந்து இரண்டு வார்டர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் தண்ணீர் சொட்டும் ரப்பர் குழாய். "வாங்க சொட்டு மேடம்" என்று வழிவிட்டார்.

ஓவியர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இடது கண் மூடியிருந்தது. உள்ளங்கால்கள் இரண்டும் கறுத்து ஊதியிருந்தன. வலது கை விரல்களில் மூன்று வெவ்வேறு பக்கம் பார்த்தன. கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறார்கள். மூலையில் இருந்த வாளியில் சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, அதில் வெந்த ஈரல்.

"எந்த விரல் வேணும்?" என்றார். "இது ஒண்ணுதான் மிச்சம்."

இடது கையின் சுண்டுவிரலை நீட்டினார்.

"எப்பலேருந்து அண்ணா?"

"மிதந்ததுலேருந்து." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஈரல் குடுக்கறாங்க, அடிக்கறாங்க. அடிச்சா ரத்தம் போவுது. போனா மறுபடி ஈரல். சமையல்காரனுக்கும் வார்டருக்கும் நடுவுல நான் வெறும் பைப்பு."

சிரிக்கப் பார்த்தார். பல் இல்லாத இடத்திலிருந்து இரத்தம் வழிந்தது.

எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் சொன்னேன். மூடி உடைந்தது, பஞ்சு வைத்தது, வெயில், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என் ரத்தம் நல்லாதான் இருந்துச்சா?"

"பதிமூணுக்கு மேல இருந்திருக்கும்."

"அன்னைக்கே இருபத முடிச்சிருப்பாங்க. அன்னைக்கு சாயந்தரம் வீட்டுல இருந்திருப்பேன்."

"ஆமா."

இரத்தத்தோடு என் செருப்பின் மேல் துப்பினார். நான் காலை நகர்த்தவில்லை. 

"இப்ப எவ்ளோ இருக்கும்?"

சுண்டுவிரலில் குத்தி இரத்தம் எடுத்து, லேபுக்குப் போய்க் கருவியில் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "எட்டு."

"அப்ப நிஜமாவே மிதக்கும்."

"மிதக்கும்ணா."

"மூழ்க வை."

"எட்டுல இருபது அடி தாங்காது. விதியே அதுக்குத்தான்…"

"இங்க பாரு தாயி. அந்த மைதானத்துல இருபதோட நிறுத்துவாங்க. கழுத்துல படக்கூடாது, இடுப்புல படக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஃபாதர் நிக்கறாரு, ஊரே நிக்குது. இங்க யாரு எண்ணறா?"



அன்று மாலை பேராலயத்துக்குப் போனேன். ஃபாதர் வெள்ளையடிப்பவர்களோடு சுவரருகே நின்றிருந்தார். நாலாவது பூச்சு. அறை பதினொன்றில் நடப்பதைச் சொன்னேன். கையில் இருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நாங்க மன்னிச்சாச்சும்மா. மனசார மன்னிச்சாச்சு."

"அடிய நிறுத்தச் சொல்லலாமே ஃபாதர்."

"மன்னிக்கறது எங்க வேல. மத்தது அவங்க வேல. எங்க வேலைல அவங்க தலையிடறதில்ல பாரு." பிறகு சாரத்தின் மேல் நின்றவரிடம், "அந்த எடத்துல இன்னும் கெட்டியா பூசுப்பா" என்றார்.

ஓவியரின் மனைவி தையல்காரி. பேராலயத்துக்குப் பின்னால் மூன்று தெரு தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரே அறை. தையல் மிஷின், கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள்தான். அவரிடம் நின்றபடியே சொன்னேன். பஞ்சு வரைக்கும் வந்தபோது எழுந்து என் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்து மிஷினுக்கு அடியில் போனது. இன்னொரு அறை. மூன்றாவதுக்குக் கை ஓங்கி, அப்படியே நிறுத்தி, குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"மிச்சத்தச் சொல்லு."

கரைசலில் காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும். எட்டு உள்ள இரத்தமும் அதில் மூழ்கும். இருபது அடியும் விழும். விழுந்தால் அன்றே விடுதலை. ஆனால் வந்த உடனே இரத்தம் ஏற்ற வேண்டும். அவருடைய இரத்த வகை எனக்குத் தெரியும். பொருந்துகிற ஆட்கள் வேண்டும்.

"ஏத்தினா பொழைப்பாரா?"

"தெரியலக்கா."

"உள்ளயே இருந்தா?"

"இருக்க மாட்டாரு."

அவர் துணியை மிஷினில் வைத்து ஒரு தையல் ஓட்டினார். நிறுத்தினார். "எத்தன பாட்டிலு வேணும்?"

ஓவியரோடு சாரத்தில் வேலை செய்த ஆறு பேரும் வந்தார்கள். இரண்டு பேருடையது பொருந்தியது. கட்டிலில் படுக்கவைத்து எடுத்தேன். "எங்க ரத்தத்துல டர்பன்டைன் வாசம் அடிக்கும் மேடம், பரவாயில்லயா?" என்றார் ஒருவர். மற்றவர், "அடிக்கட்டும்டா, அப்பதான் அண்ணனுக்குச் சொந்த ரத்தம்னு தோணும்" என்றார். பொருந்தாத நாலு பேரும் சுவரோரம் கோபமாக உட்கார்ந்திருந்தார்கள்.

குறித்த நாள் வருவதற்குள் அவர் அளவு ஏழுக்கு இறங்கியது. அன்று காலை லேபைப் பூட்டிக்கொண்டு கரைசலில் தண்ணீர் சேர்த்தேன். அடர்த்திமானியை விட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். நீலம் வெளுக்கவில்லை, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஏழுக்குக் கீழே இறங்கினால் இதிலும் மிதக்கும். அதற்கு மேல் சேர்க்கக் கை வரவில்லை.

அவருக்கு முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக் கொண்டுவந்தார்கள். முதுகுப் பக்கம் மட்டும் சட்டையை வெட்டிவிட்டிருந்தார்கள். முதல் இருபதின் தழும்புகள் தெரிந்தன. நேராக, வரிசையாக. மற்ற காயங்கள் துணிக்குள் இருந்தன. கண்ணைப் பற்றிக் கேட்ட ஒருவருக்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டான்" என்று பதில் வந்தது.

"திருச்சபை இவனை மன்னிக்கிறது" என்றார் ஃபாதர்.

குத்தினேன், விட்டேன். சொட்டு இறங்கியது. பாதியில் நின்றது. பத்து, பதினொன்று. மெதுவாக அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"மூழ்கியது" என்றேன்.

"அரசு இவனைத் தண்டிக்கிறது" என்றார் சூப்பிரண்டு.

பெரியப்பா பிரம்பை ஓங்கினார். முதல் அடியிலேயே பழைய தழும்பு வாய் திறந்தது. ஐந்தாவதில் முதுகு முழுக்க ஒரே நிறம். ஏழாவதில் அவர் கால்கள் தாமாகத் துடித்தன. காலுறைக்குள்ளிருந்து தண்ணீர் போன்ற எதுவோ கசிந்து பலகையில் ஓடியது. பதினொன்றில் ஒரு முனகல். பன்னிரண்டில் அதுவும் இல்லை. பதினான்காவது அடிக்கு உடம்பு அசையவே இல்லை.

பெரியப்பா நிறுத்தினார். "மயங்கிட்டான் சார்."

மயங்கினால் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். அதுவும் விதி. சூப்பிரண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் விரல் ஜில்லென்று இருந்தது. அழுத்தி அழுத்தித்தான் ஒரு சொட்டு வந்தது. வெளிறிய சிவப்பு. மிதக்கும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மிதந்தால் ஆறு அடி பாக்கி. ஆறு அடிக்காக இன்னும் எத்தனை வாரம் அறை பதினொன்று.

சொட்டைக் கரைசலுக்கு ஒரு விரற்கடை மேலிருந்து விட வேண்டும். நான் குழாயைத் தாழ்த்தி, கையை உயர்த்தி, ஒரு சாண் மேலிருந்து விட்டேன். உயரத்திலிருந்து விழுந்தால் எந்தச் சொட்டும் வேகத்தில் அடிவரை போகும். பிறகுதான் திரும்பி ஏறும். அதற்காகத்தான் பதினைந்து வினாடி. நான் மூன்று எண்ணினேன். சொட்டு அடியைத் தொட்டது. குழாயைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினேன்.

"மூழ்கியது!"

மைதானத்தின் கடைசி வரை கேட்டது. குழாயை உடனே இறக்கித் தட்டில் இருந்த துணிக்குள் படுக்கவைத்தேன்.

பெரியப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார். "நெசமாவா? சரியா பாத்தியாம்மா? ஆளு போயிடுவாம்மா. வேணாம்னு சொல்லு, இன்னைக்கு விட்டுறலாம்."

 நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "மூழ்கிடுச்சு. அடிங்க."

அதைக் கூட்டம் கேட்டது. "அடிப்பாவி" என்று ஒரு குரல் எழுந்தது. "நீயெல்லாம் பொம்பளயாடி!" முதலில் ஒரு செருப்பு வந்து தட்டில் விழுந்தது. அடுத்தது கல். நெற்றியில் பட்டது. கண்ணுக்குள் சூடாக வழிந்தது. நான்கடி தூரத்தை விட்டு நகரக் கூடாது. நகரவில்லை. முதல் வரிசையில் ஓவியரின் மனைவி நின்றிருந்தார். வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பதினைந்து. பதினாறு. இரண்டும் மெதுவாக விழுந்தன. "கணக்குல சேராது, ஒழுங்கா அடி" என்றார் சூப்பிரண்டு. அந்த இரண்டையும் மறுபடி அடித்தார் பெரியப்பா. அழுதுகொண்டே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பிரம்பிலிருந்து ஒரு கோடு எழும்பி ஃபாதரின் வெள்ளை அங்கியில் விழுந்தது. அவர் ஒதுங்கி நின்றார். அங்கேயும் விழுந்தது. பத்தொன்பது. கல் மழை மேடைக்கு வந்தது. ஒரு வார்டர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இருபது.

"முடிந்தது" என்றார் சூப்பிரண்டு. ஜனங்கள் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் நின்றபடியே விடுதலைத் தாளில் கையெழுத்துப் போட்டு அதைக் கீழே எறிந்துவிட்டு ஜீப்பை நோக்கி ஓடினார். ஃபாதரை இருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

என்னையும் பிடித்தார்கள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேடையிலிருந்து இழுத்தார்கள். வயிற்றில் உதைத்தார்கள். ஒரு உதை, இரண்டு, பிறகு எண்ணவில்லை. டர்பன்டைன் வாசம் அடித்தது. சாரத்து ஆட்கள் ஆறு பேரும் என் மேல் விழுந்து மறைத்தார்கள். "விடுங்கடா, நம்ம ஆளுடா!" என்று யாரோ கத்தினார்கள். யாரும் நம்பவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள்.

சந்தில் சாரப்பலகை ஏற்றும் தள்ளுவண்டி நின்றிருந்தது. அதில் அவரைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். நான் ஓவியரின் கழுத்தோரம் இரண்டு விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. விரலை நகர்த்தினேன். நூல் போல ஏதோ ஓடியது.

"தள்ளுங்க."

கற்கள் பாவிய சந்து. வண்டி குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் விரல் நழுவியது, திரும்பத் தேடிப் பிடித்தேன். என் நெற்றி இரத்தம் அவர் தலைமுடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கா?" என்றார் அவர் மனைவி.

"இருக்கு."

முதல் தெரு.

"இருக்கா?"

"இருக்கு."

இரண்டாவது தெருவில் எதிரே வந்த ஒருவன் என்னை அடையாளம் கண்டு முகத்தில் துப்பினான். அவர் மனைவி வண்டியை விட்டுவிட்டுப் போய் அவன் வாயில் ஓங்கிக் குத்திவிட்டு வந்து மறுபடி தள்ளினார்.

வீட்டுக் கட்டிலில் போட்டோம். கையில் நரம்பு கிடைக்கவில்லை. எல்லாம் சுருங்கிப் போயிருந்தன. இரண்டு முறை குத்தினேன், இரண்டும் தவறியது. மூன்றாவது முறை முழங்கை மடிப்பில் ஆழமாக இறக்கினேன். குழாயில் கொஞ்சம் சிவப்பு பின்வாங்கி வந்தது. கிளிப்பைத் திறந்தேன். பாட்டிலை யார் பிடிப்பது என்று சாரத்து ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். உயரமானவர் வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார்.

முதல் பாட்டில் பாதி போனபோது அவர் உதடு அசைந்தது. மனைவி காதை வைத்துக் கேட்டார்.

"என்ன சொல்றாருக்கா?"

"எத்தனைன்னு கேக்கறாரு."

நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன். "நாப்பதும் முடிஞ்சுதுண்ணா. பாக்கி இல்ல."

கழுத்தோரம் மறுபடி விரலை வைத்தேன். விரலுக்கடியில் துடிப்பு இருந்தது. நான் விரலை எடுக்கவில்லை.